கடந்த இரண்டு கிழமைகளில்

குருநகர் மாடிவீடுகளில் எனக்கு விழுந்தது
மூன்றாம் தளம்.
ஒவ்வொரு ஏழாவது கதவும் என்றது அட்டவணை.
ஏழாவது கதவு திறக்கவில்லை.
"வீட்டில் ஆளில்லை" என்று குறித்துக்கொண்டு
எட்டாவதைத் தட்டினேன்.

எமிலியானா. வயது நாற்பத்தொன்று.
நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலை.
விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கோடுகள்.
சம்மதப் படிவத்தை முழுதும் வாசித்தா.
"இதுக்கும் ரெண்டு பேர் பிணை நிக்கவேணுமோ?"

இல்லையக்கா, இது ஆராய்ச்சி.
விருப்பமில்லாவிட்டால் எந்த நேரமும் விலகலாம்.

"விலகலாமோ?"
கையெழுத்துக் கேட்ட தாளொன்றும்
இதுவரை அவவிடம் அப்படிச் சொன்னதில்லைப் போலும்.

ஒன்பது கேள்விகள். ஒன்றுக்கு நாலு பெட்டி.
வேறெங்கோ கொதித்து, கொழும்பில் ஆறி,
எங்கள் பீடத்தில் மூன்று நாள் கூட்டம் போட்டுத்
தமிழாக்கிய கேள்விகள்.
மனச்சோர்வு என்ற சொல்லில் அரைநாள் சண்டை.
யோசினை என்று போடுவோம் என்றேன்.
யோசிக்காமல் ஆராய்ச்சி செய்யலாமோ என்று
ஆரோ பகிடிவிட, எல்லாரும் சிரித்தார்கள்.
தேத்தண்ணி வந்தது.
மனச்சோர்வு நிலைத்தது.

மனச்சோர்வு, அக்கா?
"அதெல்லாம் எனக்கில்லைப் பிள்ளை. யோசினைதான்."
பூச்சியம்.

பெருமூச்சொன்று விட்டா.
பெருமூச்சுக்குப் பெட்டி இல்லை.

களைப்பு?
"ஆருக்கில்லை?"
ஒன்று.

நித்திரை?
"ரெண்டு கிழமையில ரெண்டு நாள்தான் கொள்ளேல்லை."
சில நாட்கள். ஒன்று.
"ரெண்டும் திங்கள் இரவு.
செவ்வாய் காலமை லோன் பெடியன் வருவான்.
படியேறமாட்டான். கீழ நிண்டு ஹோர்ன் அடிப்பான்.
குறூப்பில அஞ்சு பேர்.
ஒராள் கட்டாட்டி மற்ற நாலும் அவளின்ர வாசல்ல.
அதில ஒருத்தி என்ர மூத்தவளின்ர ஞானத்தாய்."

என் பெட்டிகள் எத்தனை நாள் என்று கேட்கும்.
எந்த நாள் என்று கேளா.

பசி?
"செவ்வாய் மத்தியானம் நல்லாப் பசிக்கும்."
பூச்சியம்.

கடைசிக் கேள்வியைப் பயிற்சியில் சொன்னபடி
குரல் மாறாமல் கேட்டேன்.
கொடியில் காய்ந்த உடுப்பொன்றை
எடுத்து, மடித்து, பிறகு சொன்னா:
"செத்தா என்ர கடன் பிணை நிண்டவையின்ர தலையில.
அப்பிடிச் செய்யலாமோ?"
இல்லவே இல்லை. பூச்சியம்.

மொத்தம் இரண்டு.
மேலதிக நடவடிக்கை தேவையில்லை.

நூற்றிப் பன்னிரண்டு பேரில் அறுபத்தேழு பேருக்கு
நித்திரை தொலைகிற இரவு
தவணைக்கு முந்தின இரவு என்று
ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்.
"சுவாரசியம்" என்று ஓரத்தில் ஒரு பென்சில் கிறுக்கல்.
கொள்கைச் சுருக்கம் இரண்டு பக்கத்தில் அடங்கவேண்டும் என்றார்கள்.
அடிக்குறிப்பு அடங்கவில்லை.
பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு
பரிந்துரையில் அடங்கியது.

மூன்று மாதம் கழித்து மறுசந்திப்பு.
நாளைத் தெரிவுசெய்யும் உரிமை எனக்கிருந்தது.
செவ்வாய் என்று போட்டேன்.

படிக்கட்டில் நாலு பெண்கள்.
ஆளுக்காள் நூறு, இருநூறாய்ச் சேர்த்து
எமிலியானா எண்ணிக்கொண்டிருந்தா.
ஹோர்ன் அடித்தது.
எண்ணிக்கை பிழைத்து மறுபடி தொடங்கினா.

அவன் போனபிறகு என்னைக் கண்டா.
"அண்டைக்குப் பக்கத்து வீட்டில
ஆளில்லை எண்டோ எழுதினீங்கள்?"
ஓம்.
"உள்ளதான் இருந்தவ.
தோளில பை, கையில தாள்மட்டை.
நீங்களும் காசுக்கு வந்த ஆளெண்டு நினைச்சிட்டா."

நூற்றுக்குப் பதினொரு பேர் பதிலளிக்கவில்லை,
முடிவுகளை இது பாதிக்காது என்று
எழுதியவள் நான்தான்.

பையையும் தாள்மட்டையையும்
எட்டாவது வீட்டில் வைத்துவிட்டு
ஏழாவது கதவைத் தட்டினேன்.

உள்ளே யாரோ
றேடியோவை நிறுத்தினார்கள்.